கடைசிக் கிண்ணம்

திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது, ஐயா. உலர்ந்த கறுப்புத் திராட்சையை முதல் நாள் காலையிலேயே ஊறப்போட வேண்டும். அவசரக்காரர்கள் வெந்நீரில் போட்டுக் கசக்குவார்கள். அது ரசமாகாது, கஷாயமாகும். ஊறியதைக் கையால் பிசைந்து, சிறுதீயில் காய்ச்சி, புதுத் துணியில் வடிகட்ட வேண்டும். நெசவாளிகளுக்குத் துணிக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் சர்க்கரை, ஒரு கிராம்பு, அவ்வளவுதான். எனக்கு முன்னால் சபை மூப்பராக இருந்து இந்த வேலையைப் பார்த்த வீராசாமி வெல்லத்தைப் போட்டுக் காய்ச்சினார். அவர் காலத்தில் திருவிருந்து அன்று ஜெபவீட்டில் விசுவாசிகளைவிட எறும்புகள் அதிகம். எறும்புகள் விசுவாசிகளைவிட ஒழுங்காக வரிசையில் வந்தன என்பதால் அவரை யாரும் குறை சொல்லவில்லை.

நீங்கள் இந்தச் சபைக்குப் புதிய போதகர். கர்த்தர் கூடவே இருப்பதாக நெஞ்சில் தெரிகிற தேவப் பிரசன்னத்தை இழந்தவர்கள் மனந்திரும்பி, உள்ளதையெல்லாம் அறிக்கை செய்தால் அது திரும்ப வரும், தனியாக வந்து என்னிடம் பேசலாம் என்று போன ஞாயிறு சொன்னீர்கள். அதற்காகத்தான் வந்தேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். நான் அதை இழக்கவில்லை. எனக்கு அது வந்ததே இல்லை.

என் அப்பா இந்தத் திருத்தணியில், மலையடிவாரத்து ஜெபவீட்டுக்கு முதல் செங்கல் சுமந்தவர். ஞானஸ்நானத்தின்போது பக்தவச்சலம் என்ற என் பெயரை மாற்றச் சொன்னார்களாம். பக்தர்களிடம் பிரியமுள்ளவர் என்றுதானே பொருள், உங்கள் சாமிக்கு அது பொருந்தாதா என்று அப்பா கேட்டாராம். பெயர் தங்கிவிட்டது. குடி, பீடி, சீட்டாட்டம் எதுவும் எனக்குக் கிடையாது. நெய்த லுங்கியில் ஓர் இழை குறைத்ததில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் மேளமுமாக மலை ஏறும்போது ஜெபவீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன். மேளத்துக்கு என் கால் தாளம் போட்டதுண்டு. அது காலின் குற்றம்.

சிங்காரம் அப்படியில்லை. அம்மையார்குப்பத்திலிருந்து இங்கே பஞ்சாட்சரத்தின் பவர்லூம் கொட்டகைக்கு வேலைக்கு வந்தவன். மதுவிலக்கு மறுபடி வந்து நம் பக்கத்துக் கடைகளை மூடியபோது ஊரில் பாதிப் பேர் குடியைக் குறைத்தார்கள். சிங்காரம் நடையைக் கூட்டினான். எல்லைக்கு அப்பால், ஆந்திராவில் இருந்த சாராயக் கடைக்கு நடந்தே போய்வருவான். ஓர் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலை ஏறினான். இறங்கும்போது தோளில் இருந்தது வேறொருவரின் காவடி. அந்த வேறொருவர் மலைமேல் தன் காவடியை மூன்று வேளை தேடினார். சிங்காரத்தின் மூச்சுக்கு எதிரே நெருப்புக் கிழிக்கப் பயந்து கொட்டகையில் பலர் பீடியையே விட்டார்கள். அந்த அளவில் அவனால் நன்மையும் உண்டு.

அப்படிப்பட்டவன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை வெயிலுக்கு ஒதுங்கி ஜெபவீட்டு வாசலில் உட்கார்ந்தான். உள்ளே அப்போதைய போதகர் கஜபதி ஐயா பிரசங்கித்துக்கொண்டிருந்தார். பிரசங்கம் சுமார்தான். ஆனால் சிங்காரம் அழ ஆரம்பித்தான்.

"நான் மனுசனே இல்லீங்க. பொண்டாட்டி தாலிய வித்துக் குடிச்சவன். என்ன ஒருத்தரும் கிட்ட சேக்க மாட்டாங்க. இவரு சேக்கறாரு. இதோ, இங்க வந்து குந்திக்கினு கீறாரு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அன்றோடு குடியை விட்டான். அதை நான் மறுக்கமாட்டேன். ஞாயிறுதோறும், கர்த்தர் செய்ததை அவரவர் எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில், எழுந்து நிற்பான். நாலு வார்த்தைதான் பேசுவான், அதற்குள் கண் நிரம்பிவிடும். ஜெபவீடு முழுதும் அவனோடு சேர்ந்து அழும். அடுத்து நான் எழுந்து, "ஸ்தோத்திரம், இந்த வாரமும் கர்த்தர் காத்தார்" என்பேன். யாராவது கொட்டாவி விடுவார்கள். அதிகம் மன்னிப்புப் பெற்றவனுக்குத்தான் அதிக அன்பு வரும் என்று கஜபதி ஐயா அவனைப் பார்த்தபடி விளக்கினார். மன்னிப்பதற்கு ஒன்றும் வைத்திராதவன் எங்கே போய் நிற்பது என்று அவர் விளக்கவில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். என் மனைவி ஜெயம்மாளுக்கு முட்டிவலி வந்தது.

"ஏங்க, அந்தச் சிங்காரத்த வரச் சொல்லுங்களேன். முட்டி மேல கை வச்சி ஜெபம் பண்ணட்டும்."

"நான் பண்ணது பத்தலியா?"

"நீங்க பண்றது கணக்குப்புள்ள வாசிக்கற மாதிரி கீது. அவரு பண்ணா சாமி பக்கத்துல வந்து கேக்கறாரு."

அவன் வந்தான். கை வைத்தான். அழுதான். மறுநாள் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். வீட்டில் ஒரு மூப்பர் இருக்கிறார் என்பதை அவள் மறந்துவிட்ட மாதிரி இருந்தது அந்த நடை.

அவள் முட்டியில் தேய்ப்பதற்கென்று எல்லைக்கு அப்பாலிருந்து யாரோ வாங்கித் தந்த சாராயம் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. வலி போனதால் அது அப்படியே மீந்துவிட்டது. வீண் செய்வது எனக்குப் பிடிக்காது.

பஞ்சுத் தூசியில் வேலை செய்கிற சபை, ஐயா, இருமல்காரர்கள் அதிகம். அதனால் கஜபதி ஐயா ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிப்பதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை திருவிருந்து. கிண்ணங்களில் ஊற்றித் தட்டில் அடுக்குவது என் வேலை. எந்தக் கிண்ணம் யாருக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒரே ஒரு கிண்ணத்தைத் தவிர. சிங்காரம் வாசலோரம் உட்காருவான். எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை தொடமாட்டான். "நான் கடைசி ஆளு" என்பான். அந்தத் தாழ்மை இல்லாதிருந்தால் எனக்கு வழியே இருந்திருக்காது.

நான் பெரிதாக எதுவும் நினைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவன் வாயிலிருந்து லேசாக ஒரு வாடை வர வேண்டும். அவன் பெண்டாட்டி சுலோச்சனா ஒருதரம் மூக்கைச் சுளிக்க வேண்டும். ஒரு மனிதனைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் இருப்பது சபைக்கு ஆரோக்கியம். கடைசிக் கிண்ணத்தில் ஒரு சின்னக் கரண்டி ஊற்றினேன்.

நடந்தது வேறு. கிண்ணத்தைக் குடித்தவன் முழந்தாளிலேயே இருந்தான். முகம் சிவந்தது. "அக்கினியா எறங்கறாரு" என்றான். "தொண்டையிலேர்ந்து நெஞ்சு வரைக்கும், அக்கினியா." சபை அல்லேலூயா என்றது. கஜபதி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஊற்றிய ஒரு கரண்டிக்கு அவனை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

குடிகாரன் நாக்கு எப்படி ஏமாந்தது என்று நீங்கள் கேட்கலாம். கிராம்பைக் கூட்டியிருந்தேன். தவிர, முழந்தாளிட்டவன் ருசி பார்ப்பதில்லை.

நியாயமாக நானும் அதைச் சோதித்தேன். அதே அளவு கலந்து, கதவைத் தாழிட்டு, முழந்தாளிட்டுக் குடித்தேன். காத்திருந்தேன். ஓர் ஏப்பம் வந்தது.

அடுத்த மாதம் கொஞ்சம் கூட்டினேன். அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். அவன் தள்ளாடி விழட்டும் என்று பார்த்தேன், அவன் பாடினான். பிறகு வார நாட்களில் என் தறியருகே வந்து நிற்க ஆரம்பித்தான்.

"மூப்பரே, அடுத்த திருவிருந்து எப்போ?"

"மாசத்துக்கு ஒன்னுதான். உனக்குத் தெரியாதா?"

"நடுவுல ஒரு சொட்டு கெடைக்காதா? தாகமா கீது. தண்ணி தாகமில்ல மூப்பரே. அவரு வேணும்."

அது எந்தத் தாகம் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. தேவன் மேல் உள்ள வாஞ்சை என்றே நம்பினான். அந்த நம்பிக்கையோடு ஒருவன் எதிரில் நின்றால் பார்க்கச் சகிக்காது, ஐயா. எனக்கு அப்படி ஒரு தாகம் ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் நிறுத்திவிட்டேன். அடுத்த திருவிருந்தில் கடைசிக் கிண்ணத்திலும் திராட்சை மட்டும்தான்.

குடித்துவிட்டுக் கிண்ணத்துக்குள் பார்த்தான். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான். "அவரு வர்லியே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் தன் பாவத்தைத் தேட ஆரம்பித்தான். என்றோ பஞ்சாட்சரத்தின் கொட்டகையிலிருந்து எடுத்துப்போன நாடாவைத் திருப்பிக் கொடுத்தான். தறியில் ஓடுகிற நாடாதான். பஞ்சாட்சரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது காணாமப் போனதே எனக்குத் தெரியாதேப்பா" என்றார். நடுத்தெருவில் சுலோச்சனாவின் காலில் விழுந்தான். "எழுந்திருய்யா, வெக்கங்கெட்டவனே, ஜனங்க பாக்கறாங்க" என்று அவளும் அழுதாள். உபவாசம் இருந்து இளைத்துப்போனான். ஒன்றும் திரும்பவில்லை. பிறகு என்னிடமும் வந்தான்.

"மூப்பரே, ஒன்னு சொல்லணும். மனசுல வச்சிக்காதீங்க. உங்க மேல எனக்கு வயித்தெரிச்சல்."

"எம்மேலயா?"

"ஆங். நீங்க அழறதே இல்ல. உங்களுக்குத் தேவையே இல்ல. பொறந்ததுலேர்ந்து அவரு உங்க கூடவே கீறாரு. எனக்கு மட்டும் வந்து வந்து போறாரு. அத நெனச்சி நெனச்சி வெந்தேன். அதுக்குத்தான் என்ன உட்டுட்டாரோ இன்னாவோ. மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன். மூப்பர் என்ற முறையில் அது என் கடமை. தலையில் கை வைத்து ஜெபமும் செய்தேன். பொறாமை எவ்வளவு கொடியது என்பதை அந்த ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது, ஜெயம்மாளின் முட்டிவலியும் வந்தது. மறுபடி அவனைத்தான் கூப்பிட்டாள்.

"எங்கிட்ட இப்ப ஒன்னுமில்லக்கா" என்றான்.

"இருக்கற கைய வை, போதும்."

சற்று முன்புதான் அவள் அந்தப் பாட்டிலில் மீதியிருந்த சாராயத்தைத் தேய்த்திருந்தாள். கை வைத்தவன் கையை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு எழுந்து நான் நெய்துகொண்டிருந்த இடத்துக்கு வந்தான். அவன் குரல் உயரவில்லை.

"மூப்பரே, ரசத்துல எதனா ஊத்தினீங்களா?"

நான் தறியை நிறுத்தினேன்.

"ஊத்தியிருந்தா சொல்லிடுங்க. கோவப்பட மாட்டேன். ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுப் போயிடுவேன். ஏன்னா, அப்படின்னா நின்னுபோனது சாராயம்தான், அவரு போவல. அந்த வெள்ளிக்கெழம வாசல்ல வந்தவரு நெசம். இன்னும் கீறாரு. நீங்க ஊத்தலன்னா, எனக்கு வந்தது எது மூப்பரே? அவரு கிண்ணத்துலயே எனக்குச் சாராயந்தான் தெரிஞ்சிருக்குன்னா, நான் எப்ப திருந்தினேன்?"

படிக்காதவன். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தான். என் ஒரு வார்த்தையில் அவனுடைய தேவன் திரும்பி வந்துவிடுவார்.

வேதப்புத்தகம் எட்டும் தூரத்தில் இருந்தது. அதன்மேல் கை வைத்து, "திராட்ச, சர்க்கர, கிராம்பு. வேற ஒன்னுமில்ல" என்றேன். அவன் இன்னும் நின்றதால், மென்மையாக இதையும் சொன்னேன்: "பழைய மனுசன் உனக்குள்ள சாகல சிங்காரம். உனக்கு வந்ததெல்லாம் சாராய ஞாபகந்தான்."

"ஆங்" என்றான். "உண்மையச் சொன்னீங்களே, அது போதும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்குப் போய், "அவரு எங்க கீறாருன்னு தெரிஞ்சிபோச்சு, பாத்துட்டு வந்துடறேன்" என்று சுலோச்சனாவிடம் சொல்லியிருக்கிறான். ஜெபவீட்டுக்குப் போகிறான் என்று நினைத்து அவள் சோறு எடுத்து வைத்திருந்தாள். எல்லைக்கு அப்பால், கடைக்குச் சற்றுத் தள்ளிக் கரும்புத் தோட்டத்து வரப்பில் கிடந்தான். இளைத்த உடம்பு, வெறும் வயிறு. கடைக்காரன் சொன்னது, ஒவ்வொரு கிளாசுக்கும் முழந்தாளிட்டானாம். பைத்தியம் என்று நினைத்துத் தொடர்ந்து ஊற்றினானாம்.

குடித்துச் செத்தவனைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் வைக்கலாமா என்று கஜபதி ஐயா தயங்கினார். நான்தான் பேசி இடம் வாங்கிக் கொடுத்தேன். அடக்க ஆராதனையில் ஜெபமும் நானே செய்தேன். பலவீனமான சகோதரன் என்று குறிப்பிட்டேன். அங்கே சுலோச்சனா கேட்டாள்: "கடைசியா உங்ககிட்டதான் வந்தாரு மூப்பரே. இன்னா சொன்னாரு?" சமாதானமாகப் போனான் என்றேன்.

அதன் பிறகு சபையில் அவன் பெயரை எடுப்பதில்லை. சாட்சி நேரத்தில் நான் எழுந்தால் மரியாதையாகக் கேட்டார்கள். வியாதிக்காரர்களுக்கு ஜெபிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எவருக்கும் குணமாகவில்லை, ஆனால் கூப்பிட்டார்கள். ஜெயம்மாள் மட்டும் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை, என் ஜெபத்தையும் கேட்கவில்லை. சாகும்வரை நொண்டி நடந்தாள்.

எல்லைவரை நடந்தது அவன் கால், ஐயா. நான் யாரையும் தள்ளவில்லை. சொல்லப்போனால் சில மாதங்கள் அவனுக்குத் தேவப் பிரசன்னத்தைக் கொடுத்ததே என் கைதான். எனக்கு அப்படிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

உள்ளதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றீர்கள், எனவே மீதியையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின்மேல் கை வைத்தபோதே அவன் சாவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். ஒரு நாளாவது அவன் என்னைப்போல இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போது எல்லாம் சொல்லியாயிற்று. நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை. கண்ணும் காய்ந்துதான் இருக்கிறது. இந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள், துடைத்துக்கொள்ளுங்கள். மனந்திரும்ப வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவன் நான். நீங்கள் இப்போதும் அவனுக்காகத்தான் அழுகிறீர்கள்.