குதிரைக்கு வந்த பதினோரு கடிதங்கள்

ஐயய்யோ, அப்படி அமுக்கிப் பிடிக்காதீங்க சார், பின்னு தெறிச்சிடும்! குடுங்க, நானே மெஷின்ல வெக்கிறேன். மட்டமான பேப்பரு, மட்டமான மை... எல்லாம் அந்த அச்சாபீஸ்காரர் பண்ணுன வேலை. இருபத்தி மூணாம் பக்கம் மங்கலா இருக்குமே? இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? அட்டைய உள்பக்கமாத் திருப்புங்க. ஆசிரியர்னு ஒரு பேரு போட்டிருக்கா? அந்தப் பாவி நாந்தான். ‘அண்ட முரசு’, விஞ்ஞானக் கதை மாத இதழ்... அஞ்சே மாசம்! என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? விண்வெளிக்குப் போயிட்டு வந்தவன் ஜெராக்ஸ் கடை வெக்கக் கூடாதா?

அதக் கவுத்தது ஆர்ட்டிஸ்ட்டு சார். நான் எங்க வேணா சொல்லுவேன். கலர் அட்டை அடிக்கிறதுக்கு வெளியூர் பிரஸ்ஸுக்குத்தான் போகணும். ஒரே பெரிய ஷீட்ல ஆறு அட்டை பிடிக்கும், அதனால ஆறு மாசத்து அட்டையையும் மொத்தமா அடிச்சிட்டேன். என்ன மூளை! கதை ஒண்ணுகூட வரல, அட்டை மட்டும் ஆறு ரெடி. அட்டையப் பாத்துத்தான் கதை எழுதணும். பிரிச்சுப் பாத்தா... ஆறுலயும் குதிரை சார்! ராக்கெட்டுக்குள்ள குதிரை. சந்திரன்ல குதிரை. “யோவ், என்னய்யா இது?”ன்னேன். அதுவரைக்கும் குதிரையேத்தம் கத்துக்குடுக்குற எடத்துக்கு போர்டு வரைஞ்சிட்டு இருந்தவராம். “கை பழகிப்போச்சு சார்”ங்கிறாரு. சரி, முதல்லயே ஒரு படம் வரைஞ்சு காட்டச் சொன்னியான்னு கேளுங்க. சொல்லல.

அவர விடுங்க, கடைக்காரங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? அட்டையில கிரகம் இருக்குன்னு கொண்டுபோய் ஜோசியப் புஸ்தகத்தோட மாட்டிட்டாங்க. ஒருத்தர் வாங்கிட்டுப் போயி மறுநாள் ஆபீஸுக்கே வந்துட்டாரு. மூணாவது பக்கத்துல வெள்ளி வெடிச்சிடுதே, பொண்ணு கல்யாணத்தத் தள்ளிப்போடணுமான்னு கேக்குறாரு. நான் வேற, பெரிய மனுஷன் மாதிரி, ஒரு ஆறு மாசம் பொறுங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

கதையா? முக்காவாசி நாந்தான் சார். அஞ்சு புனைபேரு. ஒருத்தன் செவ்வாய்ல சண்டை போடுவான், இன்னொருத்தன் சனியில சண்டை போடுவான். கிரகத்த மாத்தினாப் போதும், கதைய மாத்த வேண்டியதில்ல. தொடர்கதை மட்டும் எங்க அக்கா. நீங்க நகல் எடுக்கக் கொண்டாந்திருக்கீங்களே, அதான். கணக்கு டீச்சரு. ஆறு அட்டையையும் சாப்பாட்டு மேஜை மேல வரிசையாப் பரப்பி வெச்சிட்டு அரைமணி நேரம் பாத்தா. அப்புறம், “குதிரைக்கு மோப்பம் நல்லாத் தெரியும்டா. ராக்கெட்ல எங்க காத்து கசியுதுன்னு அதுதான் கண்டுபிடிக்கும்”ன்னா. ஒரே வரி! பைலட் பொண்ணு, ஒரு குதிரை, கொஞ்சங் கொஞ்சமாக் குறையுற காத்து. ஆறு அட்டைக்கு ஆறு அத்தியாயம்.

...என்ன? ஆறாவதா? அதுக்குத்தான் வர்றேன் சார், இருங்க... இந்த மெஷின் வேற பேப்பரக் கடிக்குது.

வாசகர் கடிதம்னு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். முதல் இதழ்லயே! இன்னும் ஒருத்தனும் படிக்கல, அதுக்குள்ள “தங்கள் முதல் இதழ் கண்டு மெய்சிலிர்த்தேன்”னு கடிதம் போட்டேன். எழுதுனது யாரு? நாந்தான். என் கதைய நானே பாராட்டி, போதாதுன்னு ஆசிரியர் பதில்ல “நன்றி, கூச்சமாக இருக்கிறது”ன்னு வேற... சிரிக்காதீங்க சார்.

மூணாவது இதழுக்கு அப்புறம் நெசமாவே தபால் வந்துச்சு. பதினொண்ணு! ஒவ்வொண்ணாப் பிரிக்கிறேன். குதிரை பொழைக்குமான்னு ஒண்ணு. குதிரைய மட்டும் கொன்னுடாதீங்கன்னு ஒண்ணு. பதினொண்ணும் குதிரை சார்! செவ்வாய்ல அவ்வளவு பேர வெட்டிச் சாய்ச்சேனே, எனக்கு ஒரு வரி... ஒரே ஒரு வரி வேணாமா? வயித்தெரிச்சல். இப்ப என்ன மறைக்கிறது, சுத்தமான வயித்தெரிச்சல்.

பதினொண்ணையும் டிராயர்ல போட்டுட்டேன். நாலாவது இதழ்ல நானே ஒண்ணு எழுதுனேன். ‘உண்மை வாசகன்’னு கையெழுத்து. “குதிரைத் தொடர் கணக்குப் பரீட்சை போல் இழுக்கிறது. சீக்கிரம் முடித்துவிட்டு, செவ்வாய்ச் சண்டைக்கு இடம் கொடுக்கவும்.” அக்காவுக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன் சார். பாத்ததும் என் நடைன்னு கண்டுபிடிச்சு, “எருமை”ன்னு திட்டிட்டுச் சிரிப்பான்னு நெனச்சேன்.

அவ நம்பிட்டா. யாரோ படிக்கிற மனுஷன் சொல்றாருன்னு நம்பிட்டா. அஞ்சாவது அத்தியாயம் அரைப் பக்கம் வந்துச்சு. “காற்று தீர்ந்தது. குதிரை படுத்துக்கொண்டது. முற்றும்.” “படிக்கிறவங்களுக்குப் பிடிக்கலேன்னா இழுத்தடிக்கக் கூடாதுடா”ன்னு சொல்லிட்டு, பேனாவ மூடி வெச்சிட்டுப் போயிட்டா. அப்பவே சொல்லியிருக்கலாம். மிச்ச இடம் காலியா இருந்துச்சா... என் சண்டைய ரொப்புனேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒருத்தன் வாங்கல. ஆர்ட்டிஸ்டும் கவுக்கல, கடைக்காரனும் கவுக்கல. முப்பது வருஷமா அவ கரும்பலகையில தவிர வேற எதுலயும் எழுதல சார். மாடியிலதான் இருக்கா. தினம் மேல போறேன், சாப்பிடுறேன், வாய் வரைக்கும் வருது, இறங்கி வந்துடுறேன்.

ஆறாவது அட்டை வேணுமா? இந்தாங்க, கட்டு கட்டாக் கெடக்கு. நகலச் சுத்திக் குடுக்கத்தான் இத்தன வருஷமா உதவுது. பாருங்க, புல்தரை. பொண்ணும் குதிரையும் நிக்குது. பொழைச்சிருக்கும் சார். ரெண்டும் பொழைச்சிருக்கும்.

கடிதமும் பாக்கணுமா? அதே டிராயர்தான்... இந்தாங்க, பதினொண்ணு. எண்ணிக்கூடப் பாக்கலாம். என்ன சார், அந்த ஒண்ண மட்டும் எடுத்து அப்படிப் பாக்குறீங்க? நீல மை... கோணல் எழுத்து... “குதிரைக்காகத் தினமும் கவலைப்படுகிறேன்”...

இது... உங்க எழுத்தா?

ஐயோ. மன்னிச்சுக்குங்க சார். பதில் போடாதது என் தப்பு... கடிதம் பதினொண்ணையும் எடுத்துட்டுப் போறீங்களே? காசு அப்புறம் குடுங்க, அது இல்ல... சார், வாசல் இந்தப் பக்கம். அது மாடிப்படி. சார்! தெரிஞ்சுதான் ஏறுறீங்களா?

நில்லுங்க. ‘உண்மை வாசகன்’ யாருன்னு மட்டும் நீங்க சொல்லிடாதீங்க... அத நாந்தான் சொல்லணும். இதோ, மெஷின அணைச்சிட்டு வந்துடுறேன்.