நட்சத்திரம் போட்ட பெயர்கள்

நான்காம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஒற்றை ஆளாக இரண்டு ஐஸ் பேக்டரி கட்டியவன், எதற்கும் அசரமாட்டேன். பிள்ளைச்சாவடி பஸ்சில் முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "செத்தவங்கள்லாம் ஆபீசுக்குத் திரும்பி வந்துட்டாங்கடி" என்றாள். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன்க்கா, காலையிலயே பயமுறுத்துற?"

"எங்க மீனவர் சங்கத்துல புது சாப்ட்வேர் போட்டாங்கல்ல? பழசுல பேர அழிச்சா, அது நெசமா அழியாதாம். பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டு மறைச்சு வச்சிக்குமாம். புதுசுக்கு அந்த நட்சத்திரம் புரியல. செத்தவங்களயும் உயிரோட காட்டுது. பொங்கல் வாழ்த்து அத்தன பேருக்கும் போயிடுச்சி."

"அப்ப... மாமாவுக்கும்?"

"வந்துச்சி. கடலுக்குப் போயி ஒடம்பு கூடக் கெடைக்காத மனுசனுக்கு வாழ்த்து! எம் மாமியா அத வச்சிக்கிட்டு, 'நீதான் எம் புள்ளையத் தல முழுகிட்ட, ஆபீசுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு'ன்னு தெனம் அவருக்கும் சோறு எடுத்து வைக்கிது."

"பழைய கம்ப்யூட்டர்ல அந்த நட்சத்திரத்த ஒம் மாமியாகிட்ட காட்டிட வேண்டியதுதான?"

"அதுக்குத்தான் நேத்து தொறந்து பாத்தேன். செத்தவங்க எல்லார் பேருக்கும் நட்சத்திரம் அப்படியே இருக்கு. ஒருத்தர் பேருக்குத்தான் இல்ல."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். இந்தக் கையாலதாண்டி அழிச்சேன்."

என் பேக்டரி நிறுத்தம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.