அன்றைய முதல் படம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது இருபத்தாறு. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வாரம் இரண்டு நாள் நீர்த்தேக்கத்துக்குச் சென்று காட்டு வாத்துகளைப் படமெடுத்து, எண்ணிக்கை குறித்து வருகிறேன். அதற்கான அனுமதிச் சீட்டை இந்தக் காவல் நிலையத்தில் இரண்டு முறை காட்டிவிட்டேன்.

இன்று காலை ஆறு மணிக்கு நீர்த்தேக்கத்தின் கதவு திறந்ததும் காவலாளி அறையில் கையெழுத்திட்டேன். என் கேமராவில் நேரம் ஒரு மணி பின்தங்கிக் காட்டும். அதைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, அந்த அறையின் சுவர்க் கடிகாரத்தை முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். வீட்டில் அதை வைத்து மற்றப் படங்களின் நேரத்தைத் திருத்துவேன். "அந்தக் கடியாரத்துல அப்படி என்னதான் இருக்கு? என்னையும் ஒண்ணு எடேன்" என்று காவலாளி எப்போதும்போல் கேலி செய்தார்.

அதன்பின் நாணலோரம் அமர்ந்து ஊசிவால் வாத்துகளை எண்ணியதில் நாற்பத்தொன்று இருந்தன. சென்ற வாரம் அறுபத்துமூன்று. ஏழேகால் மணிக்கு ஒரு வாத்து நகராமல் ஒரே இடத்தில் சிறகடிப்பதைக் கண்டு, முழங்கால் அளவு நீரில் இறங்கிப் பார்த்தபோது, நீருக்கடியில் பச்சை நைலான் வலை கட்டியிருந்தது. எட்டு வாத்துகள் தலை மூழ்கிச் செத்திருந்தன. வலையைப் படமெடுத்தபின், உயிரோடிருந்ததை இடுப்போடு அணைத்துக்கொண்டு சிறு கத்தரியால் வலையை அறுத்தேன். அதன் கால்விரல்களுக்கிடையே தோல் கிழிந்திருந்தது. அது நீந்தியதா என்று பார்ப்பதற்குள் காவலாளி வந்து என் கையைப் பிடித்தார். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு நெனச்சேன். வாத்து புடிக்கத்தான் இந்த வேஷமா?" என்றார்.

அதன்பின் நிலையத்தில் ஆய்வாளர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "கேட்டு தெறக்கறது ஆறு மணிக்கு. அஞ்சு மணிக்கு உள்ள என்னம்மா வேலை?" என்று கேட்டார். முதல் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி மூன்று நிமிடம். அதற்குக் கீழே ஆணியில் அதே மாதிரிப் பச்சை வலை இன்னொன்று, நீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. அதில் ஊசிவால் வாத்தின் நீண்ட வால் இறகு ஒன்று சிக்கியிருந்தது. நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். கடிகாரத்தைத் தவிர எதையும் கவனிக்க மாட்டேன் என்று காவலாளி நினைத்தது சரிதான்.

அதன்பின் யாரும் காவலாளியை அழைக்கவில்லை. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் கேமரா ஒன்று, கத்தரி ஒன்று, செத்த வாத்து எட்டு என்று மட்டும் எழுதி நீட்டினார்கள். மெமரி கார்டு மேசை மேல் தனியாகக் கிடந்தது. "கேமராவுக்குள்ள இருந்ததுதானே, எல்லாம் ஒண்ணுதான். கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போலாம், உங்க அத்தான் வாசல்லயே நிக்கிறாரு" என்றார் ஆய்வாளர். அத்தான் நிற்கட்டும் என்றேன். ஒன்றரை மணி நேரம் நின்றார்.

இப்போது பட்டியலின் நான்காவது வரியில் "மெமரி கார்டு ஒன்று, படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, முதல் படம் காவலாளி அறைக் கடிகாரமும் அதன் கீழே வலையும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னவை எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேரவில்லை. அத்தனையும் உண்மை என்பதால் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)