ஆறு குழாயில் ஒன்று

1963ஆம் வருஷம் ஆவணி மாதம் திண்டுக்கல் போலீஸ் ஸ்டேஷனில், சப்-இன்ஸ்பெக்டர் ஐயா விசாரிக்க, நான் சொல்லி எழுதப்பட்டது:

என் பெயர் இன்னாசியம்மாள். வயது நாற்பத்தாறு. காலஞ்சென்ற சூசைமாணிக்கத்தின் மனைவி. மதுரை ஜில்லா, திண்டுக்கல் டவுன், மேட்டுப்பட்டியில் குடியிருக்கிறேன். கல்யாணங்களுக்கு வாடகைக் கார் விடுவது என் தொழில். தொழிலை நடத்துவது யார் என்று ரைட்டர் கேட்டார். நான்தான் நடத்துகிறேன். அதையும் எழுதச் சொன்னேன்.

என் டிரைவர் ஒச்சப்பன் இந்த ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கிறான். குடித்துவிட்டு ஓட்டி, சிறுமலைப் பாதையில் காரை மோதி, எரியோட்டைச் சேர்ந்த மொக்கைச்சாமியின் கையை முறித்தான் என்று அந்த மொக்கைச்சாமியே புகார் கொடுத்திருக்கிறார். மதுவிலக்குச் சட்டப்படி ஒரு வழக்கு, கார் ஓட்டியதற்கு ஒரு வழக்கு. இரண்டும் ருசுவானால் அவன் ஜெயிலுக்குப் போவான், லைசென்ஸ் போகும், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்து அவன் எங்களிடம் ஓட்டுகிறான். குடித்து நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் போலீசுக்கு வேலை வைத்திருக்க மாட்டேன்.

கார் பழைய அமெரிக்கக் கார். வெறும் கறுப்புக் காரை இப்போது எந்தக் கல்யாண வீட்டாரும் கேட்பதில்லை. ஆகவே பழனி ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் முகமது பாரூக்கிடம் விட்டு, பானெட்டைத் தாழ்த்தி, பக்கத்துக்கு மூன்றாக ஆறு வெள்ளிக் குழாய்களை வெளியே தெரியும்படி வைக்கச் செய்தேன். பந்தயக் காரில் இருப்பது மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு முகூர்த்த மாதங்களில் என் காருக்கு ஓய்வில்லை. அந்த ஆறில் ஐந்து வெறும் சோடனை. கழற்றி எறிந்தாலும் கார் ஓடும். ஒன்று மட்டும் நிஜம். பானெட்டைத் தாழ்த்தியதால் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் டப்பாவுக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. ஆகவே பாரூக் இடது பக்கத்து நடுக் குழாய் வழியாகக் காற்று போகும்படி செய்து, தூசி போகாமல் உள்ளே கம்பி வலையும் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஆறும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது நான்தான்.

மேற்படி மொக்கைச்சாமி தன் அக்காள் மகன் கருப்புசாமியின் கல்யாணத்துக்குக் கார் பேச என் வீட்டுக்கு வந்தார். "கொழா வச்ச காருதான் வேணும், வேற காரு வேணாம்" என்றார். அதன் பிறகு வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து, "ஏம்மா, இம்புட்டும் நெசமா?" என்று கேட்டார். "அஞ்சு சோடனை, ஒண்ணு நெசம்ணே" என்றேன். எது நிஜம் என்று கேட்டார். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை, சொன்னால் அழகு போய்விடும் என்றேன். சிரித்துக்கொண்டு போனார். இனிமேல் அந்தக் குழாய்க்குச் சிவப்பு வளையம் பூசிவிடப் பாரூக்கிடம் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணம் எரியோட்டில் காலையில் நடந்தது. மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சிறுமலையில் உள்ள பெண்வீட்டுக்கு மறுவீடு அழைத்துப் போக வேண்டும். ஒச்சப்பன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காருக்குப் பூ கட்டினார்கள். அவன் திரும்பி வந்து பார்த்தபோது பானெட்டின் இரண்டு பக்கமும் குழாய்கள் தெரியாதபடி மல்லிகைச் சரம் தொங்கியது. கல்யாணக் காரில் பூவை விலக்கிப் பார்க்கும் டிரைவரை நான் கண்டதில்லை. அதன் பிறகு பின் சீட்டில் நடுவில் மணப்பெண் ஜக்கம்மாளும், ஒரு பக்கம் மாப்பிள்ளையும், மறு பக்கம் மொக்கைச்சாமியும் ஏறினார்கள். முன்னால் ஒச்சப்பனுக்குப் பக்கத்தில் சீர் அண்டாவை வைத்தார்கள்.

நான் காரில் இல்லை. இனிச் சொல்வது ஒச்சப்பனும், பிற்பாடு ஜக்கம்மாளும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போனது. சமதரையில் கார் கொஞ்சம் திணறினாலும் ஓடியது. மலை ஏறத் தொடங்கியதும் இருமியது, புகை கக்கியது, ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இன்ஜின் நின்றுவிட்டது. பிரேக் பிடித்தும் சரளையில் சக்கரம் வழுக்கிக் கார் பின்னால் போனது. ஒரு பக்கம் பள்ளம். ஒச்சப்பன் ஸ்டீரிங்கை ஒடித்து மலைப் பக்கத்து மண்சுவரில் காரை மோதி நிறுத்தினான். தலை கதவுச் சட்டத்தில் இடித்து, இறங்கும்போது தள்ளாடினான். அதைப் பார்த்துத்தான் குடி என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு மறுநாள் காலை நான் ஏட்டையாவையும் பாரூக்கையும் அழைத்துக்கொண்டு கார் நின்ற இடத்துக்குப் போனேன். பாரூக் வாடிய பூவை அறுத்து எறிந்தார். ஆறு குழாயின் வாயிலும் குழாய்க்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. ஐந்து பழம் தொட்டதும் கையோடு வந்தன. இடது நடுக் குழாயில் இருந்த பழம் காற்றோடு உள்ளே இழுக்கப்பட்டு, வலையில் போய் இறுகி, ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு பாரூக் ஹாண்டிலைப் போட்டு ஒரே சுற்றுச் சுற்றினார். இன்ஜின் ஓடியது. மூக்கைப் பொத்திக்கொண்டு எவன் மலை ஏறுவான்? ஏட்டையா ஆறு பழத்தையும் பையில் போட்டு மகஜர் எழுதினார்.

திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் வைக்கிறார்கள். டயருக்கு அடியில் வைக்க வேண்டியதை டயருக்கு அடியில் வைக்க வேண்டும்.

அதன் பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மொக்கைச்சாமி கையில் மாவுக் கட்டோடு படுத்திருந்தார். கருப்புசாமி ஜன்னல் ஓரம் நின்றார். ஜக்கம்மாள் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். பழம் செருகியது யார் என்று கேட்டேன். மொக்கைச்சாமி மறைக்கவில்லை. "நாந்தேன். ஊர்க் கண்ணு பூராம் அந்தக் கொழா மேலதான விழுகுது? அப்ப அங்கதான பழம் வைக்கணும்?" என்றார். ஒன்று நிஜம் என்று நான் சொன்னேனே என்றேன். "எதுன்னு சொல்லலையே தாயி. அதுக்குத்தான் ஆறுலயும் வச்சேன்" என்றார். எதுவென்று சொல்லாதது என் பிழை என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

பழத்தால் இன்ஜின் நின்றது, ஒச்சப்பன் குடிக்கவில்லை, புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பழம் இல்லாட்டி வண்டி பள்ளத்துல போயிருக்கும். பழந்தேன் காப்பாத்துச்சு. கெடுத்தது அந்தக் குடிகாரப் பய" என்றார். ஸ்டீரிங்கைப் பழமா ஒடித்தது என்று கேட்டேன். கருப்புசாமி பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் முழங்கை இரண்டிலும் முள் கிழித்த காயம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காருக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு முள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஜக்கம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மொக்கைச்சாமியைப் பார்த்து, "பழந்தேன் காப்பாத்துச்சுங்கிறீகளே மாமா, அம்புட்டு நம்பிக்கை இருந்தா ஏன் குதிச்சீக?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம், "வண்டி பின்னால போகவும் இந்தப் பக்கம் மாமா கதவத் தொறந்து குதிச்சாக. அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரக குதிச்சாக. ரெண்டு கதவும் தொறந்து கெடந்துச்சு, நடுவுல நான் மட்டும் இருந்தேன். டிரைவர் அண்ணன் பக்கத்துக் கதவும் தொறக்கிற கதவுதான். அவரு தொறக்கல. 'சீட்டக் கெட்டியாப் பிடிச்சுக்க தாயி'ன்னு மட்டும் சொன்னாரு. அவர்கிட்ட ஒரு வாடையும் இல்ல" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். மொக்கைச்சாமி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் இருந்த சோற்றை அவர் தொடவில்லை.

மேற்கண்ட கை முறிந்தது குதித்ததால். கார் மோதியதால் அல்ல. காருக்குள் இருந்த பெண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை.

ஜக்கம்மாள் இப்போது ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். கல்யாணப் பெண்ணை ஸ்டேஷன் படி ஏற்றுவதா என்று அவள் புகுந்த வீட்டில் தடுத்தார்களாம். அப்படியும் வந்திருக்கிறாள். அவள் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கருப்புசாமியும் பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நிற்கிறார். ஐயா கேட்டால் அவரும் உண்மையைச் சொல்வார் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும், கேட்டதும், என் வாயால் சொன்னதும்தான். ஐயா படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. ஒச்சப்பனை இன்றைக்கே விட வேண்டும் என்று நான் சொன்னதை, அது வாக்குமூலத்தில் சேராது என்று ரைட்டர் விட்டுவிட்டார். அதைச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன் என்றேன். சேர்த்தார். போடுகிறேன்.

(ஒப்பம்) சூ. இன்னாசியம்மாள்