மச்சானின் நாக்கு

கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதை நான் ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை. அறுத்த கல் காய்ந்திருக்கும்போது சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். ஈரம் பட்டால்தான் உள்ளே கிடக்கும் நிறமும் வரியும் எழுந்து வரும். மெருகேற்றினால் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். ஈரத்துணியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் நம் கல் சங்கத்தில் ஈரத்துணி என்பது கற்றுக்குட்டிகளின் சமாசாரம். விவரம் தெரிந்தவர்கள் நக்குவார்கள். விசாரணைக் குழுவாக உட்கார்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை நான் சொல்ல வேண்டியதில்லை. முறையாக ஆரம்பிக்க வேண்டுமே என்று சொல்கிறேன்.

நம் தலைவர் என் மனைவியின் அண்ணன். அவர் கல்லை நக்கும் அழகே தனி. முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கல்லை இரண்டு கையாலும் ஏந்தி, நுனிநாக்கால் ஓர் இழுப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அது மலையடிவாரத்தில் பிறந்ததா, ஆற்றங்கரையில் பிறந்ததா என்று அறிவிப்பார். யாரும் அங்கே போய்ப் பார்த்து வந்ததில்லை என்பதால் அவர் கணிப்பு இதுவரை தப்பியதே இல்லை.

நான் பல்செட் செய்கிறவன். அடுத்தவர் வாய்க்குள் போகிற சாமானை மெருகேற்றுவது பிழைப்பு; கல்லை மெருகேற்றுவது பொழுதுபோக்கு. சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் அறுக்கும் இயந்திரமும் சாணைச் சக்கரங்களும் வைத்திருக்கிறேன். சத்தம் அடுத்த தெருவரை போகிறது என்பதும், கல் சேறு போய் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொள்கிறது என்பதும் என் மனைவியின் புகார். இரண்டும் உண்மை. ஒருநாள் தீர்மானமாகவே சொல்லிவிட்டாள்.

“அண்ணன் ஒரே ஒரு தடவை உங்க கல்லை நல்லாருக்குன்னு சொல்லட்டும், அந்த ரூம் பக்கமே நான் வரமாட்டேன். இல்லேன்னா மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு அங்க துணி காயப் போடப் போறேன்.”

அந்த அறை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வரவேற்பறையில் உட்கார்ந்து மச்சான் பேசுவதைக் கேட்பேன். வேறு வழி இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் பழைய பேருந்து நிலையத்தை இடித்தார்கள். இடிபாட்டுக்குள் கரும்பச்சைக் கற்பலகைகள், நல்ல தடிமன், இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. உள்ளே பழுப்பு வரி ஓடும் அருமையான கல். இடிக்கும் மேஸ்திரி விலையே கேட்கவில்லை. “எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். எவனும் கிட்டவே வரமாட்டேங்கறான்” என்றார்.

முதல் துண்டை நான் எப்படிக் கழுவினேன் தெரியுமா? சோப்பு, பிளீச்சிங் பவுடர், கொதிநீர், மறுபடி சோப்பு. இதைக் குழு தயவுசெய்து கவனத்தில் கொள்ள வேண்டும். என் ஆரம்பம் யோக்கியமானது.

சங்கக் கூட்டத்தில் மச்சான் நக்கினார். முகத்தைச் சுளித்தார்.

“மாப்ளே, இது செத்த கல்லு. நாக்குகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேங்குது. என்ன பண்ணினே, குளிப்பாட்டினியா?”

“கழுவினேன் மச்சான்.”

“கல்லைப் போய் எவனாவது கழுவுவானா? பல்லு பண்றவன் கையில கல்லு கிடைச்சா இப்படித்தான்.”

எல்லோரும் சிரித்தீர்கள். கடைசியாகச் சிரித்து முடித்தவள் என் மனைவி. வீடு திரும்பும் வழியிலேயே துணிக்கயிறு வாங்கினாள்.

தலைவர் கழுவக் கூடாது என்றார். அடுத்த துண்டை நான் கழுவவில்லை. இதற்குப் பெயர் கீழ்ப்படிதல். பலகையின் மேற்பாதியை விட்டுவிட்டு, ஆள் நின்றால் இடுப்புக்குக் கீழே வரும் பகுதியில் அறுத்தேன். வரிகள் அங்கேதான் அடர்த்தி. அறுக்கும்போது தண்ணீர் ஓடும் என்பதால், மச்சான் ‘தோல்’ என்று சொல்கிற வெளிப்பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கச் சுற்றி ஒரு சொட்டு நனையாமல் காப்பாற்றினேன். அவர் எப்போதும் தோலைத்தான் நக்குவார் என்பது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மின்விசிறி நின்றது. நாக்கு நீண்டது. வெகுநேரம் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“உப்பு” என்றார். “பழைய உப்பு. மாப்ளே, இது கடல் கிடந்த இடம்டா! லட்சக்கணக்கான வருஷம் அலை அடிச்சிருக்கு.”

அலை அடித்தது உண்மைதான். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் ரொம்பவே அடித்திருக்கும்.

கல் ஒவ்வொரு கையாகப் போனது. செயலாளர் சார், நீங்கள் “கொஞ்சம் காட்டமா இருக்கு, ஆனா உசத்தி” என்றீர்கள். பொருளாளர் அம்மா கண்கலங்கினார்கள். அப்புறம் என் மனைவி கை நீட்டினாள். தடுக்க வாயெடுத்தேன், எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். “ஆமாங்க, கடல் வாடையே அடிக்குது” என்று முதல் முறையாக என்னைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பாழாக்க விரும்பவில்லை. துணிக்கயிறு பரணுக்குப் போனது.

அதன்பிறகு உங்கள் எல்லோருக்கும் மோதிரக்கல் செய்தேன். நாம் கபோஷான் என்கிறோமே, அடி தட்டையாகவும் மேலே மூடிய கண்ணிமை போல மேடாகவும். குச்சி முனையில் மெழுகால் ஒட்டி, சாணை பிடித்து, தோல் சக்கரத்தில் மெருகேற்றினேன். பல்செட்டுக்குக்கூட அப்படி உழைத்ததில்லை. முழுப் பலகை ஒன்றை மச்சான் கண்காட்சியில் நடுநாயகமாக வைத்தார்: ‘ஆதிக்கடல் கல்’.

கண்காட்சிக்கு மேஸ்திரி குடும்பத்தோடு வருவார் என்று எனக்குத் தெரியாது. வந்தவர் சபை நடுவில் நின்று சிரித்துவிட்டார். “சார், இது நம்ம பழைய பஸ் ஸ்டாண்டு ஆம்பளைங்க கக்கூஸ் தடுப்பாச்சே! இந்தா பாருங்க, தண்ணி பைப்பு போன ஓட்டை.”

நான் இத்தனை நாள் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்தது, சிவந்தது, பிறகு புன்னகைத்தது.

“தெரியும்” என்றார். “முதல் நாளே நாக்கு சொல்லிடுச்சு. உங்கள்ல எவனாவது கண்டுபிடிக்கிறானான்னு பார்த்தேன். மாப்ளேகிட்ட நான்தான் கொண்டுவரச் சொன்னேன்.”

கைதட்டினீர்கள். பலமாகத் தட்டியது நக்கியவர்கள்தான். ஊர் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த விசாரணையை வைத்தீர்கள்.

இன்று காலை என் மனைவி சொன்னாள்: “அண்ணன் சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. சங்கத்துக்கும் மானம் மிஞ்சும், உங்களுக்கும் ரூம் மிஞ்சும்.” நியாயமான பேரம்தான். ஆனால் என்னால் முடியவில்லை. கல்லைத் தேடியவன் நான், அறுத்தவன் நான், தோலைக் காத்தவன் நான். திட்டத்தில் மச்சானின் பங்கு நக்கியது மட்டுமே. அறை போனால் போகட்டும். குற்றத்தை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் நாக்குக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபிக்கலாம் என்று வரும்போது வேறொரு கல்லும் எடுத்து வந்தேன். அவர் வந்ததும் கொடுக்கலாம் என்று மேசைமேல் வைத்தேன். உட்கார்ந்ததும் நீங்கள் மூவரும் பேச்சு வாக்கில் அதை எடுத்து ஆளுக்கொரு தடவை நக்கிப் பார்த்தீர்கள். செயலாளர் இரண்டு தடவை. “இந்தக் கல்லுல ஒரு அமைதி இருக்கு” என்றார்கள் பொருளாளர் அம்மா. நான் சொல்ல வந்தேன். கேட்டால் மட்டும் பேசு என்றீர்கள். பழைய ஆஸ்பத்திரியையும் அதே மேஸ்திரிதான் இடிக்கிறார். அது அங்கே பிணவறை மேசையின் விளிம்பு. தலைவருக்காகத்தான் கொண்டுவந்தேன், உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.