நான் சொல்லிக் கொடுத்த கையெழுத்து

தல்லாகுளத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் மனு வைத்த பிளாஸ்டிக் கவர் இருந்தது.

“அவருக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தேன் பாருங்க, அதுதேன்க்கா தப்பாப் போச்சு” என்றாள்.

“என்னடி சொல்ற?”

“நாலு பேருக்கு முன்னால கைநாட்டு வைக்கக் கூச்சப்படுவாருன்னு, மலேசியா போறதுக்கு முன்னாடி ஒரு வாரமா உக்காந்து சொல்லிக் குடுத்தேன். கைநாட்டா இருந்தா ஒப்பந்தத்தைப் படிச்சுக் காட்டித்தேன் வாங்குவாகளாம். கையெழுத்துப் போட்டவுடனே படிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு விட்டுட்டாக.”

“டைல்ஸ் வேலைன்னுதான ஏஜெண்டு சொன்னான்?”

“பேப்பர்ல சாக்கடைத் தொட்டி கழுவுற வேலைன்னு இருக்கு. மூணு வருசத்துக்கு ஊருக்கு வர முடியாதாம்.”

“அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு கலெக்டர் ஆபீசுல சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன்க்கா. அந்த சார் பேப்பரைக் காட்டி, இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானம்மான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

அவள் மடியிலிருந்த கவரை மடித்தாள்.

“ஆமான்னேன். பேரு முடியிற எடத்துல புள்ளிக்குப் பதிலா நான் குட்டியா வட்டம் போடுவேன்லக்கா? அதையும் விடாம அப்படியே போட்டிருக்காரு.”