நாற்பத்தோரு டிஸ்க்

கலைவாணன்: ...சத்தமே இல்ல சிநேகா. கேபிள மாட்டுனா லைட்டும் எரியல. ஹார்டு டிஸ்க்கு செத்துப்போச்சு.

சிநேகா: அய்யய்யோ. நெம்மேலி கல்யாண போட்டோ ஃபுல்லா அதுலதான? பதினோரு மணிக்குப் பொண்ணோட அண்ணன் வந்துருவாரு.

கலைவாணன்: எல்லாம் உப்புக் காத்து. கடலாண்ட ஸ்டுடியோ வெச்சா இப்டித்தான்.

சிநேகா: காத்து மேல பழியப் போடு. இப்ப இன்னா பண்ணப்போற?

கலைவாணன்: எதுக்குப் பயப்படுற? டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு கம்ப்யூட்டரு தானா டி.வி.டி. டிஸ்க்குல எழுதிகினு கீதுல்ல?

சிநேகா: கறுப்பு ஸ்க்ரீன்ல இன்னாவோ டைப் அடிச்சியே... அதுவா?

கலைவாணன்: அதான். நாலு வரி, ஒரு தபா எழுதுனேன். வேலை ஃபோல்டர்ல கீறத மொத்தமா அள்ளி எழுதும். ஒழுங்கா எழுதிச்சான்னு ஒப்பிட்டுப் பாக்கும். டிஸ்க்குத் தட்ட வெளிய தள்ளும். நீ தேதி போட்டு டப்பால வெக்கிற. அவ்ளோதான்.

சிநேகா: ஒப்பிட்டுப் பாக்குறது மெஷினா? ஞானதாஸ் அண்ணாத்தையாண்ட, டெய்லி நானே ஒவ்வொரு ஃபைலாத் தொறந்து பாக்குறேன்னு சொன்னியே...

கலைவாணன்: மொதலாளியாண்ட வேற எப்டி சொல்றது?

சிநேகா: ஒரு டிஸ்க்கக்கூடத் தொறந்ததில்ல?

கலைவாணன்: எதுக்குத் தொறக்கணும்?

சிநேகா: ...அதான பாத்தேன்.

கலைவாணன்: இன்னா?

சிநேகா: ஒண்ணுமில்ல. இந்தா, நேத்து டிஸ்க்கு. போடு.

கலைவாணன்: இன்னிக்கு ஒரு மாதிரியா கீற. திங்கக்கெழம இந்த வேலைய வுட்டு நாவலூர் வேலைக்குப் போறேன்னு சொன்னதாலயா?

சிநேகா: போறவன யாரு புடிச்சி வெச்சிகினு கீறாங்க?

கலைவாணன்: யாருமில்ல. அதான் போறேன். பொங்கலன்னிக்கு ஒருத்தியாண்ட, என்னக் கட்டிக்கிறியான்னு கேட்டேன். நாப்பத்தி மூணு நாளாச்சு. வாயத் தொறக்கல.

சிநேகா: மொதல்ல டிஸ்க்கப் பாரு.

கலைவாணன்: தோ... வந்துருச்சு. முகூர்த்தம், ரிசப்ஷன்... எல்லாம் பத்திரமா கீது. இது இன்னா? ‘கலைக்கு மட்டும்’?

சிநேகா: தொறந்து படி.

கலைவாணன்: "எங்கம்மாவாண்ட சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. எனக்கும் சரி. ஞாயித்துக்கெழம உங்கம்மாவக் கூட்டிகினு வா..." சிநேகா... இத எப்ப வெச்ச?

சிநேகா: நீ கேட்ட ரெண்டாம் நாளே. நேர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. டெய்லி டிஸ்க்கத் தொறந்து பாக்குறவன்தானன்னு நம்பி, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி வேலை ஃபோல்டர்ல போட்டு, எழுதுனதும் எடுத்துருவேன்.

கலைவாணன்: அப்போ டெய்லி...

சிநேகா: நாப்பத்தோரு டிஸ்க்குல எழுதியாச்சு. உன் மெஷினு நாப்பத்தோரு தபா படிச்சிட்டு, சரின்னு தட்டத் தள்ளுச்சு. நீதான் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு சுத்துன. எங்கம்மா ஆறு ஞாயித்துக்கெழம கேசரி கிண்டி, நானே துன்னேன்.

கலைவாணன்: என்ன மாதிரி முட்டாளு எங்கியும் இல்ல... இந்த ஞாயித்துக்கெழமயே எங்கம்மாவக் கூட்டிகினு வரேன்.

சிநேகா: வந்தா சரி.

கலைவாணன்: இந்த ஹார்டு டிஸ்க்கு மட்டும் சாவலன்னா நான் போயே இருப்பேன். இதுக்கு ஒரு மாலை போடணும்.

சிநேகா: அது எங்க செத்துச்சு? நீ மாட்டிகினு கீறது அறுந்துபோன பழைய கேபிளு. நல்லது என் பையில கீது... கேசரி டப்பாவுக்கு அடியில.